கெண்ட் நகர மையம், 2017: கடந்துபோகும் கார்களுக்கு மட்டும் கதவடைத்த திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் லெய், ஸ்கெல்ட் ஆகிய இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது கெண்ட். 2017-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 2,60,000. பெரிய பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் கூட்டம் அதிகம். நடுவில் இடைக்கால நகரம்: மூன்று கோபுரங்கள், கால்வாய்கள், வளைந்து நெளியும் குறுகிய தெருக்கள். அதைச் சுற்றி ஆர்40 என்ற உள்வட்டச் சாலை (இனி ‘சுற்றுச்சாலை’ என்பது இதுவே). இன்னும் வெளியே ஆர்4 என்ற புறவட்டச் சாலை. நகருக்குத் தெற்கே ஈ17, ஈ40 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. அங்கிருந்து பிரியும் ஒரு மேம்பாலம் வாகனங்களை நேராக நகர மையத்தின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. காரில் வருபவர் எந்தச் சிரமமும் இல்லாமல் நடுநகருக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு தலைமுறை திட்டமிட்டதன் அடையாளம் அந்த மேம்பாலம்.

இந்த அமைப்பின் விளைவு, நகரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்கு நடுநகரே குறுக்கு வழியாகிவிட்டது. கடைக்கோ வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வராத கார்களும் அந்தக் குறுகிய தெருக்களையே பிடித்தன. சுற்றுச்சாலை இருந்தும் நெரிசல் நேரத்தில் அது நிரம்பி வழிந்ததால், உள்ளே புகுந்து வெளியேறுவது லாபமாகத் தெரிந்தது.

முந்தைய முயற்சிகள்

2017-ஆம் ஆண்டுத் திட்டம் வெற்றிடத்தில் பிறந்ததல்ல. 1987-இல் நடுநகரைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகக் கார் போக முடியாதபடி செய்யும் முயற்சி ஒன்று நடந்தது. வணிகர்கள் கொதித்தெழுந்தனர். சில மாதங்களிலேயே நகர நிர்வாகம் பின்வாங்கியது. அந்த யோசனையும் புதிதல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977 செப்டம்பரில் தன் மையத்தை நான்கு பிரிவுகளாக வெட்டி அதே வேலையைச் செய்துகாட்டியிருந்தது. அங்கு நிலைத்தது, கெண்டில் நிலைக்கவில்லை.

அடுத்த முயற்சி பத்தாண்டு கழித்து வந்தது. 1997-இல் சுமார் 35 ஹெக்டேர் பரப்பு பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், மணிக்கோபுரத்தின் அடியில் நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிகப் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றனர். நடுநகரம் யாருக்கானது என்ற கேள்விக்குக் குடிமக்கள் நேரடியாகப் பதில் சொன்ன தருணம் அது. பின்னாளில் வந்தவர்கள் அந்தப் பதிலைத் துணையாகப் பற்றிக்கொண்டார்கள்.

ஆனால் 1997 திட்டத்தில் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றது. பாதசாரிப் பகுதியைச் சுற்றி, வாகன நிறுத்தங்கள் எல்லாவற்றையும் கோத்துச் செல்லும் ஒரு வளையப் பாதையை வகுத்தார்கள். நிறுத்த இடம் தேடுபவருக்கு அது வசதி. குறுக்கே கடந்துபோக நினைப்பவருக்கோ அதைவிட வசதி. 35 ஹெக்டேர் அமைதியானது. அதன் விளிம்பிலிருந்த தெருக்கள் அந்த அமைதிக்கு விலை கொடுத்தன.

கவனித்தது

2012 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அமைந்த நிர்வாகத்தில் போக்குவரத்துப் பொறுப்பேற்றவர் இந்த விளிம்புத் தெருக்களிலிருந்துதான் தொடங்கினார். வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, நெரிசல் நேரத்தில் சுற்றுச்சாலைக்குள் ஓடிய கார்களில் சுமார் 40 சதவீதத்துக்கு நடுநகரில் எந்த வேலையும் இல்லை. ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறின.

இந்த ஆய்விலிருந்து ஒரே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த 40 என்ற எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அதுவரை விவாதம் ‘கார் வேண்டும், வேண்டாம்’ என்ற அளவில் நின்றது. அந்த விவாதத்தில் கடைக்காரர், முதியவர், நோயாளி, சரக்கு கொண்டு வருபவர் என அனைவரும் ஒரே பக்கம் நிறுத்தப்படுகிறார்கள், திட்டமும் தோற்கிறது. எண் கையில் வந்ததும் கேள்வியே மாறியது. கடைக்கு வருபவரின் காரையும் கடையைத் தாண்டிப் போகிறவரின் காரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவர் வாடிக்கையாளர். பின்னவர் அந்த வாடிக்கையாளரின் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பவர்.

மற்றொரு கவனிப்பு தெருமட்டத்தில் நடந்தது. 2013 முதல் சில தெருக்களில் குடியிருப்போரே முன்வந்து, கோடையில் சில வாரங்கள் தங்கள் தெருவைக் கார்களுக்கு மூடிவிட்டு மேசை, நாற்காலி, செயற்கைப் புல் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். அவை போக்குவரத்துத் திட்டங்கள் அல்ல. ஆனாலும் கார் நிற்காத தெரு எப்படி இருக்கும் என்பதை வரைபடத்தில் காட்டுவதற்கும் வீட்டு வாசலில் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு: தெருத்தெருவாகச் செய்வதில்லை. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையில் பாயும். ஒரு குறுக்குவழியை மட்டும் மூடினால் இணையாக ஓடும் அடுத்த தெரு நாசமாகும், அங்குள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் கொடி பிடிப்பார்கள். எனவே நடுவிலுள்ள கார் இல்லாப் பகுதியைச் சுற்றி மொத்தப் பரப்பையும் ஆறு பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சுற்றுச்சாலையிலிருந்து காரில் வரலாம். எந்த வீட்டையும் எந்த வாகன நிறுத்தத்தையும் அடையலாம். ஆனால் பக்கத்துப் பிரிவுக்குப் போக வேண்டுமானால் மீண்டும் சுற்றுச்சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டு அங்கே நுழைய வேண்டும். பழைய நிறுத்தவளையப் பாதை இத்துடன் அறுந்தது. நிறுத்தங்கள் அப்படியே இருந்தன. அவற்றைக் கோத்த கயிறு மட்டும் போயிற்று.

பிரிவு எல்லைகளில் ‘வெட்டு’ எனப்படும் தடை. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனெனில் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சில வெட்டுகள் வெறும் மரத்தொட்டிகளும் தடுப்புக் கம்பங்களும். கார் நுழைய இடமில்லை, சைக்கிள் நுழையும். சில வெட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் தடையே கிடையாது. பலகை ஒன்று, கம்பத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா ஒன்று, அவ்வளவுதான். டிராமும் பஸ்ஸும் அவசர ஊர்தியும் வேகம் குறைக்காமல் போகும். அனுமதி பெறாத கார் போனால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும். இன்னும் சில இடங்களில் தடை எதுவுமில்லை, ஒருவழித் தெருவின் திசையைத் திருப்பியதே போதுமானதாக இருந்தது. இரண்டு அடுத்தடுத்த தெருக்களை எதிரெதிராகத் திருப்பிவிட்டால் குறுக்குவழி தானாகவே செத்துவிடும். செலவு இரண்டு பலகை.

மொத்தத் திட்டத்தின் செலவு சுமார் 40 லட்சம் யூரோ என்று நகர நிர்வாகம் சொன்னது. சுரங்கப்பாதை, மேம்பாலம் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு இது சில்லறை. கல்லும் தாரும் குறைவாகவும் பலகையும் கேமராவும் அதிகமாகவும் இருந்ததே காரணம். இதில் இன்னொரு பயனும் உண்டு: தவறாகப் போன வெட்டை நகர்த்துவதற்குச் சாலையை உடைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முடிவு: பாதசாரிப் பகுதியை விரிப்பது. ஏற்கெனவே இருந்த 35 ஹெக்டேருடன் ஏறத்தாழ 15 ஹெக்டேர் சேர்ந்தது. அங்கு வசிப்பவர்கள், மருத்துவ உதவிக்கு வருவோர் போன்றவர்களுக்கு நம்பர் பிளேட் அடிப்படையில் அனுமதி கிடைத்தது. சரக்கு இறக்குவதற்கு நேரம் வரையறுக்கப்பட்டது. அதிக தூரம் நடக்க இயலாதவர்களுக்காக, நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும் கட்டணமில்லாத சிறிய மின்வண்டி விடப்பட்டது. இந்த வண்டியைப் பலர் அலங்காரமாக நினைத்தார்கள். ‘என் அம்மாவால் நடக்க முடியாதே’ என்று கேட்பவருக்குக் கையில் பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகும் அதிகாரி அப்படி நினைக்க மாட்டார்.

மூன்றாவது முடிவு: அனைத்தையும் ஒரே நாளில் செய்வது. கட்டம் கட்டமாகப் போயிருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இடமாறிய நெரிசலே ‘தோல்வியின் சான்று’ ஆகியிருக்கும். பிரிவு முறையில் கடைசி வெட்டு விழும்வரை முதல் வெட்டின் பலன் தெரியாது. தேர்ந்தெடுத்த நாள் 2017 ஏப்ரல் 3, திங்கட்கிழமை. ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள். பள்ளிகள் மூடியிருந்த அந்த இரண்டு வாரமும் ஓட்டுநர்கள் புதுவழி பழகிக்கொள்வதற்கான அவகாசம்.

எதிர்ப்பு

தொடக்கத்துக்கு முந்தைய மாதங்கள் கடுமையானவை. விளக்கக் கூட்டங்கள் சூடேறின. வணிகர்கள் வாடிக்கையாளரை இழப்போம் என்றார்கள். வெளியூர்க்காரர் இனி வேறு நகரத்துக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அதில் முக்கியமானது. போக்குவரத்துப் பொறுப்பாளருக்குக் கொலை மிரட்டல் வரும் அளவுக்குப் போயிற்று. ஒருவழிப் பலகையைத் திருப்பியதற்கு மனிதர்கள் இவ்வளவு கோபப்படுவார்களா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஓட்டுநருக்கு அது பலகையல்ல. ஆண்டுக்கணக்கில் கை தானாகத் திரும்பிய வழி.

இங்கே நிர்வாகம் எதில் இணங்கியது, எதில் இணங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எந்த வெட்டு எங்கே விழ வேண்டும், யாருக்கு அனுமதி, எந்தத் தெருவின் திசை என்பவை பேச்சுக்குரியவை. அவற்றில் மாற்றங்கள் செய்யப்பட்டன. பிரிவுகளுக்கிடையே நேரடிக் கார்ப்பாதை இருக்காது என்பதும் ஒரே நாளில் தொடக்கம் என்பதும் பேச்சுக்குரியவை அல்ல. 1987-இல் இந்தக் கோடு தெளிவாக இல்லை என்றே தோன்றுகிறது. அழுத்தம் வந்தபோது எதை விடலாம் எதை விடக்கூடாது என்பது தீர்மானமாகாமலிருந்தால் முழுவதையும் விட நேரிடும்.

நடைமுறைக்கு வந்தபின்

ஊடகங்கள் எதிர்பார்த்த பெருங்குழப்பம் முதல் வாரத்தில் நேரவில்லை. பழைய வழிகாட்டிக் கருவிகளை நம்பி வந்தவர்கள் தடுமாறினார்கள், சரக்கு வண்டிகள் முட்டுச்சந்தில் திரும்பின. விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்தபோது சுற்றுச்சாலையில் அழுத்தம் தெரிந்தது.

அன்றாட வாழ்வில் மாற்றம் எப்படி உறைத்தது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஒரு பிரிவில் வசிக்கும் தம்பதி, பக்கத்துப் பிரிவிலுள்ள பள்ளியில் பிள்ளையை விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர்வழியில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முன்பு காரில் சில நிமிடம். இப்போது சுற்றுச்சாலை வழியே பல மடங்கு தூரம், வழியில் சிக்னல்கள். சைக்கிளுக்கோ அதே ஒரு கிலோமீட்டர், அதுவும் பின்னால் ஹார்ன் அடிப்பவர் இல்லாமல். யாரும் அவர்களைக் கார் ஓட்டாதே என்று சொல்லவில்லை. குறுகிய பயணத்தில் காருக்கு இருந்த நேரச் சலுகை மட்டும் போய்விட்டது. மொத்தத் திட்டமும் இந்த ஒரு திருப்பத்தில்தான் இயங்குகிறது.

முதல் ஆண்டின் கணக்கெடுப்பில், சுற்றுச்சாலைக்குள் நெரிசல் நேரக் கார்கள் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்திருந்தன. உள்ளிருக்கும் முக்கியச் சாலைகளில் 29 சதவீதமும் குடியிருப்புத் தெருக்களில் 58 சதவீதமும் குறைவு. சைக்கிள் ஓட்டுபவர்கள் சுமார் 25 சதவீதம் கூடினார்கள். நகரவாசிகளின் பயணங்களில் சைக்கிளின் பங்கு 35 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று 2030-க்கு வைத்த இலக்கு அதற்கு வெகு முன்பே எட்டப்பட்டது.

12-க்கும் 58-க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மொத்தத்தில் மறைந்த கார்கள் குறைவே. இருந்தவை சரியான சாலைக்குப் போயின என்பதே பெரிய மாற்றம். ஆனால் அந்த 12-ஐயும் அலட்சியம் செய்ய வேண்டாம். சாலைப் பரப்பு குறைந்தால் வாகனங்களில் ஒரு பகுதி எங்கும் தலைகாட்டாமல் மறைவது வேறு இடங்களிலும் காணப்பட்டதே. 11 நாடுகளைச் சேர்ந்த 70-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து பிரிட்டன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், பாதி நிகழ்வுகளிலாவது 11 சதவீதத்துக்கு மேல் போக்குவரத்து குறைந்திருந்தது. சிலர் நேரத்தை மாற்றுகிறார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், சிலர் இறங்கி நடக்கிறார்கள்.

நடுநகரின் காற்றும் மேம்பட்டது. இதை முழுவதும் திட்டத்தின் கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாகனங்களே ஆண்டுதோறும் தூய்மையாகி வருகின்றன. 2020-இல் நகரம் மாசு குறைந்த வாகனங்களுக்கு மட்டும் அனுமதி என்ற தனித் திட்டத்தையும் கொண்டுவந்தது.

வணிகம் சாகவில்லை, எல்லாருக்கும் செழிக்கவும் இல்லை. வாடிக்கையாளர் காரை நிறுத்திப் பொருளை ஏற்றிக்கொண்டு போகும் வகைக் கடைகளுக்கும், மேசையை வெளியே போட்டுக் காபி தரும் கடைகளுக்கும் இது ஒரே திட்டமல்ல. தவிர, ‘கெண்டுக்குள் இனிப் போகவே முடியாது’ என்ற பேச்சு வெளியூர்களில் பரவியதும் ஓர் இழப்பு. வாகன நிறுத்தங்கள் எல்லாம் திறந்தே இருந்தன. ஆனால் திறந்திருக்கிறது என்பதைவிட மூடிவிட்டார்கள் என்பது வேகமாகப் பரவும் செய்தி.

2018 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. திட்டத்தை எதிர்த்தவர்கள் அதைத் தீர்ப்பு நாளாகக் கருதினார்கள். அதற்குப்பின் அமைந்த நிர்வாகத்திலும் அதே நபரே போக்குவரத்துப் பொறுப்பில் தொடர்ந்தார். திட்டம் நிலைத்தது.

விளிம்பில் மிஞ்சியது

சுற்றுச்சாலைக்கு உள்ளே கிடைத்த அமைதியைப் பார்த்து வெளியே இருந்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: ‘எங்கள் தெரு மட்டும் என்ன பாவம் செய்தது?’ கிழக்கே டாம்போர்ட் போன்ற பகுதிகள் அடர்த்தியானவை. வரலாற்றுச் சிறப்பும் சுற்றுலாப் பயணிகளும் குறைவு. வெளியிலிருந்து வரும் வாகனம், ரயில் நிலையம், சுற்றுச்சாலை எல்லாம் அங்கே முட்டிக்கொள்கின்றன. சுற்றுச்சாலையைத் தாண்ட வேண்டிய பாதசாரிக்கும் சைக்கிளோட்டிக்கும் அந்தச் சந்திப்புகள்தான் பயணத்தின் மிக மோசமான நிமிடங்கள். உள்ளே எவ்வளவு அமைதியிருந்தாலும், அங்கே வரும் வழியில் அகலமான சுற்றுச்சாலையைக் கடக்கப் பயப்படும் குழந்தை சைக்கிளில் வராது.

பின்னர் நகரம் இதே முறையைச் சுற்றுச்சாலைக்கு வெளியிலுள்ள குடியிருப்புகளுக்கும் பகுதிவாரியாகக் கொண்டுசெல்லத் தொடங்கியது. டாம்போர்ட் அதில் ஒன்று. ஆண்டுகள் கழித்தே அது நடந்தது.

மாற்ற வேண்டியவை

முதலாவது, சுற்றுச்சாலைக் கடவைகள். வெட்டுகள் விழுவதற்கு முன்பே அவற்றில் குறைந்தது சிலவற்றையாவது சீர்செய்திருக்க வேண்டும். கூடுதல் வாகனம் அங்கேதான் வரும் என்பது திட்டத்தின் வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது. எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பஸ்ஸும் டிராமும். பிளாண்டர்ஸில் அவற்றை நடத்துவது வட்டார அரசின் நிறுவனம், நகர நிர்வாகம் அல்ல. தெருவைக் காலி செய்து தர நகரத்தால் முடிந்தது. கூடுதல் டிராம் விட முடியவில்லை. இன்னொரு நகரம் இதைச் செய்யுமானால், வெட்டு விழும் நாளும் கூடுதல் பஸ் வரும் நாளும் ஒன்றாக இருக்கும்படி எழுத்துப்பூர்வமான உடன்பாட்டுடன் தொடங்குவது நல்லது.

மூன்றாவது, அளவீடு. நடுநகரில் எண்ணிக்கைகள் தாராளமாகக் கிடைத்தன. வெளிப்புறக் குடியிருப்புகளிலும் அதே அடர்த்தியில் திட்டத்துக்கு முந்தைய எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்தால், ‘எங்களிடம் கூடிவிட்டது’, ‘இல்லை, கூடவில்லை’ என்ற வாதம் அவ்வளவு நீண்டிருக்காது.

நான்காவது, இடம் மாறினால் முறையும் மாற வேண்டும் என்பது. 2022-இல் பிரசல்ஸ் நகரம் நடுப்பகுதியில் இதே வகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது, அது நின்றது. அதே ஆண்டில் அந்நகரப் பரப்பின் குரெகெம், ஸ்காரபேக் ஆகிய இடங்களில் கொண்டுவரப்பட்டவை எதிர்ப்பால் கைவிடப்பட்டன. குரெகெம் வருமானம் குறைந்தவர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. காரை நம்பி மாறுநேர வேலைக்குப் போகிறவருக்கு, ‘சைக்கிளில் போகலாமே’ என்பது பதிலாகாது. கெண்டில் முப்பதாண்டு வாதப் பிரதிவாதம், ஒரு தோல்வி, ஒரு வாக்கெடுப்பு, சில கோடைக்காலச் சோதனைகள் எல்லாம் நடந்து முடிந்த பிறகே அந்த ஒருநாள் மாற்றம் வந்தது. மற்றவர்கள் நகலெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளை மட்டும்தான்.